வெளித்த இடமும் களை மூடிய இடமும்: புதிதாய் விதைத்த வயலைச் சீர்செய்தல்

நீண்டகாலம் தரிசாகக் கிடந்த வயலைத் திருத்தி விதைத்த குடும்பங்களிடமிருந்து எமக்கு வரும் முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றுதான். "விதைநெல் குறைவில்லாமல் வீசினோம், மழையும் பெய்தது, ஆனால் வயல் சொறி பிடித்த மாட்டின் முதுகு மாதிரிக் கிடக்கிறது. ஓரிடத்தில் நெல்லே இல்லை. இன்னோரிடத்தில் களையைத் தவிர வேறொன்றும் இல்லை. உழுது அழித்து மறுபடி விதைப்பதா, அல்லது வருவது வரட்டும் என்று விட்டுவிடுவதா?"

இரண்டும் வேண்டியதில்லை என்பதே எமது வழமையான பதில். மறுபடி உழுவதென்றால் உழவு இயந்திரத்துக்கு இரண்டாம் தடவை கூலி, விதைநெல்லுக்கு இரண்டாம் தடவை கடன். நகையை அடகு வைத்து முதல் விதைப்பைச் செய்தவருக்கு அடகு வைக்க இரண்டாவது நகை இருப்பதில்லை. பணத்தைவிடப் பெரிய நட்டம் நாட்களில் உண்டு. ஐப்பசி மழையில் நிற்க வேண்டிய பயிர் கார்த்திகை நடுப்பகுதிக்குத் தள்ளிப்போனால், மழை ஓய்ந்துவிடும் தை மாதத்தில்தான் அது குடலைப் பருவத்துக்கு வரும். மானாவாரி வயலில் அதன் பொருள் பதர். ஆகவே வயலில் பாதிக்கு மேல் வெளித்துப் போனால் மாத்திரமே மறு விதைப்பைப் பற்றி யோசியுங்கள். அதற்குக் குறைவானால், நிற்கும் பயிரைக் கொண்டே வயலை நிரப்பலாம். வேலை கூட, பணம் குறைவு.

இவ்வேலையை எப்போது, எப்படி, எந்த ஒழுங்கில் செய்வது என்பதே இப்பாடம். இங்கே ஒழுங்கு முக்கியம். காரணத்தை அறியாமல் வெளியை நிரப்பினால், நட்ட நாற்றும் முன்னைய விதையின் வழியே போகும்.

மண்வெட்டியை எடுப்பதற்கு முன்

1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதிலிருந்தும், 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னியின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் மக்கள் விட்டுவந்த நிலங்கள் ஒரே நாளில் திரும்பக் கிடைக்கவில்லை. சில இடங்களில் கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்ட காணியும் ஒப்படைக்கப்படாத காணியும் ஒரே வரம்பின் இரு பக்கங்களிலும் கிடக்கின்றன. வயலின் நடுவே நெல் முளைக்காமல் கிடக்கும் இடம் பழைய காவலரணோ, பதுங்குகுழியோ, மண் அணையோ இருந்த இடமாக இருக்கலாம். துப்புரவு செய்து ஒப்படைக்கப்பட்டதென்று உறுதியாகத் தெரியாத இடத்தில் கம்பி குத்திப் பார்ப்பதோ, ஆழக் கொத்துவதோ, குப்பையைக் குவித்துக் கொளுத்துவதோ கூடாது. உலோகப் பொருள் எதையும் கண்டால் தொடாமல், வந்த தடத்திலேயே திரும்பி வந்து, கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள். ஆடு மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். நாலு பரப்பு நெல்லுக்காகக் காலை இழப்பதா?

வெளி எப்படி உண்டாகிறது

விதைத்து ஏழாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் வயலின் உள்ளே இறங்கி நடவுங்கள். வரம்பில் நின்று பார்த்தால் எல்லா வயலும் பச்சையாகவே தெரியும். குனிந்து பார்ப்பவருக்குத்தான் வயல் தன் குறையைச் சொல்லும்.

முதலில் பார்க்க வேண்டியது மேடு பள்ளம். எமது அனுபவத்தில் பாதிக்கு மேற்பட்ட வெளிகளுக்கு இதுவே காரணம். சேற்று விதைப்பில் முளைகட்டிய நெல் பள்ளத்தில் விழுந்து, அதன்மேல் தண்ணீர் பல நாள் நின்றால், முளைக்குக் காற்றுக் கிடையாமல் அழுகும். அந்த இடத்தில் கையை விட்டு நெல்லை எடுத்து நசுக்கிப் பாருங்கள். பால் போலக் கசிந்து நாறினால் அது தண்ணீரில் மூச்சடைத்துச் செத்த விதை. மேட்டிலோ நிலைமை வேறு. அங்கே சேறு விரைவில் காய்ந்து வெடிக்கும், முளையின் வேர் இறங்காது, பறவைகளுக்கும் நெல் கண்ணுக்குத் தெரியும். அதே மேடு களைக்கு நல்ல தொட்டில். நெற்சப்பி, கோழிச்சூடன் போன்ற புல்லினக் களைகள் இரண்டு மூன்று அங்குலத் தண்ணீருக்கு அடியில் நன்றாக முளைப்பதில்லை. ஈரமும் காற்றும் வெயிலும் ஒன்றாய்க் கிடைக்கும் மேட்டில் மண்டிக்கொண்டு வரும். ஆகவே வெறுமையாகக் கிடக்கும் இடம் பெரும்பாலும் பள்ளம், களை மூடிய இடம் பெரும்பாலும் மேடு. இரண்டும் இரண்டு நோய்போலத் தோன்றினாலும் மட்டப்படுத்தாத ஒரே வயலின் இரு முகங்களே அவை.

மழைக்கு முன் புழுதியில் விதைத்த வயலில் வேறு விதமாய் நடக்கும். ஒரு சிறு மழையில் நெல் முளைத்து, அடுத்த மழை வரப் பிந்தினால் முளை கருகும். ஆழ விழுந்த நெல் மேலே வராது. மேலே கிடந்த நெல்லை எறும்பும் புறாவும் எடுத்துப்போகும். இந்த வயல்களில் வெளி திட்டுத் திட்டாக இல்லாமல், சால் போன வழியே நீளமாகக் காணப்பட்டால், விதை ஆழப் புதைந்துவிட்டது என்று கொள்ளலாம்.

முளைத்த பயிர் பின்னர் இல்லாமற் போவதும் உண்டு. இரண்டு மூன்று இலைப் பருவத்தில் இலை நுனி ஊசிபோலச் சுருண்டு மஞ்சளாகிக் காய்ந்தால், உள்ளங்கையை நனைத்துப் பயிரின் மேலால் தடவிப் பாருங்கள். கையில் மிகச் சிறிய கரும்பூச்சிகள் ஒட்டினால் அது பனிப்பூச்சி. மழையில்லா நாட்களில் இது கூடும். தண்ணீர் வசதியுள்ளவர்கள் பயிர் மூழ்கும்படி ஓரிரு நாள் தண்ணீரைக் கட்டிப் பின் வடியவிட்டால் பெரும்பாலும் போதும். வரம்போரத்தில் மாத்திரம் பயிர் அறுபட்டுக் கிடந்தால் நண்டையோ எலியையோ தேடுங்கள். குளம்புத் தடம் கண்டால் தேட வேண்டியதில்லை. போரின்பின் காடுபற்றிய கட்டாக்காலி மாடுகள் இன்னும் பல ஊர்களில் பெரும் தொல்லை. அதற்குத் தனியாள் வேலி போதாது. கமக்கார அமைப்பாகச் சேர்ந்து இராக்காவல் போடுவதுதான் பயன் தரும்.

இவை ஒன்றுமில்லாமல் வயல் முழுவதும் ஒரேயளவில் ஐதாக இருந்தால், குற்றம் விதையில். இதை விதைக்க முன்னரே அறிந்திருக்கலாம். 100 நெல்லை எண்ணி ஈரச் சாக்கில் சுற்றி வைத்தால் ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். 85 க்குக் குறைவாக முளைத்தால் அந்த நெல்லைச் சோறாக்குங்கள், விதையாக்க வேண்டாம். நிவாரணமாகவோ கடனாகவோ கிடைத்த விதையையும் இப்படிச் சோதித்தே விதைக்க வேண்டும். தந்தவரின் மனம் நோகும் என்று தயங்குவோர் உண்டு. தந்தவர் அறுவடைக்கு வரப்போவதில்லை.

எண்ணிப் பார்த்தல்

வயல் ஐது, வயல் அடர்த்தி என்று கண்ணால் சொல்வதில் பிழை வரும். நான்கு தடிகளைக் கட்டி ஓரடி நீளம் ஓரடி அகலமுள்ள சட்டம் ஒன்றைச் செய்யுங்கள். வயலின் பத்து இடங்களில் அதை வைத்து உள்ளே நிற்கும் பயிரை எண்ணுங்கள். ஒரு சதுர அடிக்கு 20 பயிர் அளவில் நின்றால் நன்று. 10 க்குக் குறைந்தால் ஐது. 40 க்கு மேற்பட்டால் அது நாற்றுமேடை, வயலல்ல.

இங்கே ஒரு கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏக்கருக்கு இரண்டு புசல் விதை, அதாவது ஏறக்குறைய 41 கிலோகிராம், போதுமானது. ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. ஒரு நெல் 25 மில்லிகிராம் நிறையென்று கொண்டால் சதுர அடிக்கு 37, 38 நெல் விழுகிறது. பாதி வீணானாலும் வேண்டிய 20 க்கு அண்மையில் வந்துவிடும். ஆனால் பலர் வெளி விழும் என்ற பயத்தில் நான்கு புசல் வீசுகிறார்கள். அப்படி வீசினால் பள்ளத்தில் இருமடங்கு நெல் அழுகும், நல்ல இடத்தில் இருமடங்கு பயிர் நெருங்கும், வெளி வெளியாகவே கிடக்கும். விதையைக் கூட்டுவது வெளிக்கு மருந்தல்ல என்பதைப் பலமுறை சொல்லியும் இப்பழக்கம் போகவில்லை. இடம்பெயர்ந்த காலத்தில் ஒரு போகத்தையேனும் தவறவிட முடியாதிருந்த நெருக்கடி இதற்குள் இருக்கிறது என்பதை நாம் அறிவோம். ஆனாலும் மிஞ்சும் இரண்டு புசல் நெல் ஒரு குடும்பத்தின் பல நாட் சோறு.

எல்லா வெளியையும் நிரப்ப வேண்டியதுமில்லை. நெல் மட்டம் வெடிக்கும் பயிர். ஒரு சாணுக்கு உட்பட்ட வெளியைச் சுற்றியுள்ள பயிர் தானே மூடிவிடும். அதைவிடப் பெரிய வெளிகளுக்கே நாற்று வேண்டும்.

நாற்று எங்கிருந்து?

சொந்த வயலின் அடர்ந்த இடத்திலிருந்துதான். அதே நாள் விதைத்த, அதே இன, அதே வயதுப் பயிர் என்பதால் எல்லாம் ஒன்றாய் விளையும். அத்துடன் நெருங்கி நின்ற இடமும் ஐதாகி நன்மை பெறும். 10 அடி நீளம் 10 அடி அகலமுள்ள வெளி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 6 அங்குல இடைவெளியில் நட்டால் சதுர அடிக்கு 4 குத்து, மொத்தம் 400 குத்து. குத்துக்கு 2 அல்லது 3 நாற்றென்றால் 800 முதல் 1,200 நாற்று வேண்டும். சதுர அடிக்கு 60 பயிர் நிற்கும் இடத்தில் 20 ஐ விட்டு 40 ஐ எடுக்கலாம். அப்படியானால் 20 முதல் 30 சதுர அடி அடர்ந்த இடம் இந்த வெளி முழுவதையும் நிரப்பப் போதும்.

சமமாக முளைத்த வயலில் கலைத்து எடுக்க நாற்று இராது. அதற்கு முன்னேற்பாடு ஒன்று உண்டு. விதைக்கும் அன்றே வயலின் ஒரு மூலையில், தண்ணீர் எட்டும் இடத்தில், இரண்டு மூன்று கொத்து முளைநெல்லை நெருக்கமாக வீசிச் சிறு தவறணை ஒன்று வைத்துவிடுங்கள். தேவைப்படாவிட்டால் அயலவருக்குத் தேவைப்படும். இதற்கென ஒதுக்கிய மூலையில் நாற்று எடுத்தபின் கடைசியில் அதே இடத்திலும் நாற்றை நட்டுவிடலாம்.

வெளியில் மறுபடி முளைநெல் வீசலாமா என்று கேட்பார்கள். முதல் வாரத்துக்குள் கண்டுபிடித்தால் வீசலாம். அதற்குப் பிந்தி வீசினால் அறுவடை நாளில் வயலின் ஒரு பகுதி பழுத்தும் ஒரு பகுதி பாலாயும் நிற்கும். பச்சை நெல் கலந்த மூடையைக் கண்டால் வாங்குபவர் விலையைக் குறைக்க வேறு காரணம் தேடத் தேவையில்லை.

நடுதல்

விதைத்து 14 ஆம் நாளிலிருந்து 21 ஆம் நாள் வரை நடுவதற்குரிய காலம். மூன்று மாத இனங்களுக்கு 18 நாளைத் தாண்டாமல் இருப்பது நல்லது. மூன்றரை மாத இனங்களுக்கு 21 நாள் வரை பொறுக்கும். எமது திணைக்கள இனங்களின் இலக்கத்தில் முதல் இரண்டு எண்களே வயதைச் சொல்லிவிடும். பி.ஜி. 300 என்றால் 3 மாதம், பி.ஜி. 352 என்றால் மூன்றரை மாதம், பி.ஜி. 403 என்றால் 4 மாதம். மொட்டைக்கறுப்பன், ஆட்டக்காரி போன்ற எமது பழைய இனங்களை விதைத்தவர்கள் இன்னும் சில நாள் பிந்தினாலும் பெரிய பாதகம் இல்லை. முப்பது நாளுக்குப் பின் எவ்வினத்தையும் நட வேண்டாம். பிந்தி நட்ட பயிர் மட்டம் வெடிக்க நேரமில்லாமல் ஒற்றைக் கதிரோடு நிற்கும். அப்படிப்பட்ட வெளியைக் களையில்லாமல் வைத்திருப்பதே அந்தப் போகத்துக்குச் செய்யக்கூடியது.

நடுவதற்கு முதல் நாள் வெளியைத் திருத்துங்கள். பள்ளமானால் பக்கத்து மேட்டுச் சேற்றை மண்வெட்டியால் இழுத்து நிரப்புங்கள். ஒரே வேலையில் இரண்டு குறையும் தீரும். களையை வேரோடு எடுத்து வரம்புக்கு வெளியே போடுங்கள். வரம்பின் மேல் போட்டால் அடுத்த மழையில் அது மறுபடி வேரூன்றும். பிறகு சேற்றைக் காலால் மிதித்து இளக்கி விடுங்கள்.

நாற்றை இழுத்துப் பிடுங்கினால் வேர் அறும். ஈரமான நிலத்தில் விரலை அடியில் கொடுத்து மண்ணோடு கெல்லி எடுக்க வேண்டும். எடுத்த நாற்றை வெயிலில் வைத்திருக்காமல் அன்றே நடுங்கள். மந்தாரமான நாளோ பின்னேரமோ நல்லது. ஆழம் ஓர் அங்குலம், கூடினால் ஒன்றரை அங்குலம். ஆழ நட்ட நாற்று நின்றுபோகும். நட்டபின் ஓர் அங்குலத் தண்ணீர் போதும். நாற்று நிமிர்ந்ததும் சிறிது சிறிதாகக் கூட்டலாம். மானாவாரியில் தண்ணீர் எம் கையில் இல்லை. மண் நன்றாக நனைந்த மழைக்கு மறுநாள் எல்லா வேலையையும் விட்டுவிட்டு இதைச் செய்ய வேண்டும். இரண்டு நாள் பிந்தினால் மண் இறுகிவிடும்.

நட்டு ஏழு முதல் பத்து நாளில், நாற்றுப் பிடித்தபின், அந்த இடத்துக்கு மாத்திரம் சிறிது யூரியா போடுங்கள். 100 சதுர அடிக்கு ஒரு சிறங்கை, அதாவது 60 கிராம் வரை. சுற்றியுள்ள பயிரை எட்டிப்பிடிக்க அது உதவும். அள்ளிப் போட்டால் அந்த இடம் மாத்திரம் கரும்பச்சையாகி முதலில் பூச்சியையும் பின்னர் சாய்வையும் அழைக்கும்.

இந்த வேலையை வீட்டுக்கு வீடு தனியே செய்வதிலும், நாலைந்து குடும்பம் சேர்ந்து இன்று இவர் வயல் நாளை அவர் வயல் என்று செய்வதே நல்லது. மழைக்கு மறுநாளைப் பிடிக்க வேண்டும் என்றால் வேறு வழியில்லை. கணவனை இழந்து தனியே கமத்தை நடத்தும் பெண்கள் எமது கிராமங்களில் பலர். அவர்கள் ஆட்கூலி கொடுக்க முடியாததாலேயே வெளியை அப்படியே விட்டுவிடுகிறார்கள். நாற்று எடுப்பதிலும் நடுவதிலும் பெண்களின் கை ஆண்களின் கையைவிடத் திறமானது என்பது எல்லோருக்கும் தெரியும். கூலியை நிர்ணயிக்கும்போது மட்டும் இது மறந்துபோகிறது.

களை மூடிய இடம்

களை பிடுங்குவதற்கு முன் எது களை என்று அறிய வேண்டும். சிறு பருவத்தில் நெற்சப்பி நெல்லைப் போலவே நிற்கும். இலை தண்டைச் சேரும் கழுத்தைப் பிரித்துப் பாருங்கள். நெல்லில் அங்கே மெல்லிய நாக்குப் போன்ற சவ்வும், இரு பக்கமும் மயிருள்ள சிறு காதுகளும் உண்டு. நெற்சப்பியில் இரண்டும் இல்லை, கழுத்து வெறுமையாக இருக்கும். கோரையை விரலால் உருட்டினால் தண்டு முக்கோணமாகத் தட்டுப்படும். இதைப் பிள்ளைகளுக்கு ஒருமுறை காட்டிக் கொடுத்தால் அவர்கள் எம்மைவிட விரைவாகப் பிரித்தெடுப்பார்கள். அவர்களுடைய பாடசாலை நேரத்தை இதற்கு எடுக்க வேண்டாம்.

முதல் முப்பது நாற்பது நாளில் நிற்கும் களையே விளைச்சலைத் தின்னும். ஆகவே முதற்களை இரண்டு மூன்று வாரத்துக்குள், வெளி நிரப்பும் வேலையோடு சேர்த்து. இரண்டாங்களை நான்கு ஐந்து வாரத்தில், எப்படியும் களை பூக்குமுன். களையெடுக்காமல் யூரியா போடாதீர்கள். நெல்லைவிடக் களைக்கே பசி அதிகம். சால் பிடித்து நட்ட வயலில் ஓட்டும் உருளைக் களைகருவி வீச்சு விதைப்பில் ஓடாது. இங்கே கைதான் கருவி. கோரையை மேலால் அறுத்தால் கிழங்கிலிருந்து மீண்டும் வரும். ஈர மண்ணில் கிழங்கோடு கெல்லி எடுப்பதே பயன் தரும், அதுவும் ஒரு போகத்தில் தீராது.

களைநாசினியைப் பற்றிக் கேட்பீர்கள். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி நிறுத்தப்பட்டு, அந்த ஆண்டு நவம்பரில் மீண்டும் அனுமதிக்கப்பட்ட காலத்தில், பசளையும் நாசினிகளும் கிடையாமற் பலர் கைக்களைக்குத் திரும்பினார்கள். அப்போது சிறிய வயல்காரர் ஓரளவு தப்பினார், பெரிய வயல்காரர் திண்டாடினார். கையால் முடியாத இடத்தில் நாசினி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் மூன்று நான்கு இலைக்கு மேற்பட்ட புல்லினக் களை பல நாசினிகளுக்கு அடங்காது. அடங்கவில்லை என்று அளவைக் கூட்டினால் நெல் கருகிப் புதிய வெளி உண்டாகும். கிளைபோசேற் 2015 இல் தடைசெய்யப்பட்டு, 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் விடப்பட்டு, 2022 இல் தடை நீக்கப்பட்ட மருந்து. அது நெல் களை என்று பார்க்காமல் பச்சையெல்லாவற்றையும் கொல்லும். நிற்கும் பயிருக்குள் அதற்கு வேலையில்லை. எந்த மருந்து, எந்த நாளில், எவ்வளவு என்பதைக் கடைக்காரரிடம் கேளாமல் விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். கடைக்காரர் தன்னிடம் இருப்பதைச் சொல்வார். கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் தெளிக்கும் இடத்தில் நிற்கக் கூடாது. சோடாப் போத்தலில் மருந்து ஊற்றி வைப்பவர் வீட்டில் ஒரு நாள் அழுகுரல் கேட்கும்.

பன்றி நெல்லுக்கு எந்த நாசினியும் இல்லை, ஏனெனில் அதுவும் நெல்தான். நெல்லுக்குள்ளே நெல்லாக நின்று, பயிரைவிட உயர்ந்து, பெரும்பாலும் மீசையோடு முந்திக் கதிர் தள்ளி, அறுவடைக்கு முன்பே உதிர்ந்து மண்ணில் அடுத்த போகத்துக்கு விதைத்துவிடும். கதிர் தள்ளியதும் பிடுங்கி வயலுக்கு வெளியே கொண்டுபோங்கள். அந்த வயல் நெல்லை விதைக்கு எடுக்க வேண்டாம். அறுவடை இயந்திரம் ஒரு வயலிலிருந்து இன்னொரு வயலுக்கு இதைக் கொண்டு செல்கிறது. உங்கள் வயலில் இறங்குமுன் முன்னைய வயலின் நெல்லையும் குப்பையையும் துப்புரவு செய்யும்படி கேளுங்கள். முணுமுணுப்பார்கள். கேளுங்கள்.

பத்து இருபது ஆண்டு தரிசாகக் கிடந்த நிலத்தில் முதற் போகம் களை மூடுவது வியப்பல்ல. அத்தனை ஆண்டும் உதிர்ந்த விதை மண்ணில் கிடக்கிறது. இப்படிப்பட்ட நிலத்தை முதல் மழையோடு ஒருமுறை உழுது, களையை இரண்டு வாரம் முளைக்க விட்டு, மறுபடி உழுது அழித்தபின் விதைப்பது அடுத்த போகத்துக்கு நல்லது. ஓர் உழவு கூடுதலாகச் செலவாகும், ஆனால் களைக்கூலியில் அதைவிடக் கூட மிஞ்சும்.

ஒவ்வொரு போகமும் அதே இடத்தில் வெளித்தால்

இது விதையின் குற்றமல்ல, மண்ணின் குற்றம். மண் அணை வெட்டித் தள்ளிய இடத்தில் அடிமண் மேலே வந்து மேல்மண் கீழே போயிருக்கும். நிறத்தைப் பக்கத்து மண்ணோடு ஒப்பிட்டாலே தெரியும். கனரக வாகனம் நின்ற இடத்தில் ஓரடிக்குள் மண் இறுகிப் பாறைபோல இருக்கும். இரண்டுக்கும் எருவும் குழையுமே மருந்து. பூவரசங்குழை, கிளிசரிடியா, மாட்டெரு, யாழ்ப்பாணத்தார் தோட்டத்தில் தாழ்ப்பது போலப் பனையோலை, எது கிடைக்கிறதோ அது. அறுவடை முடிந்து மண்ணில் ஈரம் இருக்கையில் அந்த இடத்தில் சணல் விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதால், வண்டிக் கணக்கில் குழை சுமக்காமல் மண்ணுக்குக் குழை கிடைக்கும். இரண்டு மூன்று போகம் பொறுக்க வேண்டும்.

கடலேரியை அடுத்த வயல்களில் தண்ணீர் வற்றியதும் வெள்ளையாய்ப் பூத்தால் அது உப்பு. மழைத் தண்ணீரைக் கட்டி நிறுத்தி வடியவிடுவதை மாரியின் தொடக்கத்தில் இரண்டு மூன்று முறை செய்து, அதன்பின் விதையுங்கள். ஏ.ரி. 354 போன்று உப்பைத் தாங்கும் இனம் கிடைத்தால் அந்தத் துண்டுக்கு அதையே போடலாம். கடலேரித் தண்ணீர் ஏறும் தடுப்பணை உடைந்திருந்தால் தனியொருவர் வயலில் என்ன செய்தும் பயனில்லை. அதைக் கமக்கார அமைப்பின் வழியே கேட்க வேண்டும்.

இப்படி இரண்டு மூன்று போகம் எடுக்கும் வேலையைச் சொல்லும்போது, பிறர் வயலைக் குத்தகைக்கோ வாரத்துக்கோ செய்யும் இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு வேறொன்றும் சொல்ல வேண்டும். காணிக்காரர் வெளிநாட்டில், பேச்சு தொலைபேசியில், எழுத்து ஒன்றும் இல்லை என்ற நிலையில் பலர் மற்றவரின் மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பி, குழை தாழ்த்தி, வயல் வயலாகிய போகத்தில் வெளியே நின்றிருக்கிறார்கள். அப்படியான காணியில் நாற்று நட்டு வெளியை நிரப்புவதோடு நில்லுங்கள். மட்டப்படுத்தி மண்ணை வளமாக்கும் வேலைக்குக் கை வைக்குமுன், மூன்று போகத்துக்காவது எழுத்தில் உடன்படிக்கை வாங்குங்கள். 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் விவசாயக் காணி இடாப்பு கமநல சேவை நிலையத்தில் பேணப்படுகிறது. நீங்கள் பயிரிடும் காணியில் உங்கள் பெயர் எவ்வாறு பதியப்பட்டிருக்கிறது என்பதை நேரில் போய்ப் பாருங்கள். பசளை மானியமும் அந்த இடாப்பைப் பார்த்தே வருகிறது.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு ஒவ்வொரு குடும்பமும் அப்பியாசக் கொப்பித் தாள் ஒன்றில் தமது வயலின் படத்தைக் கீறிக்கொண்டு வரட்டும். மடை எங்கே, மேடு எங்கே, பள்ளம் எங்கே, இம்முறை வெளித்த இடம் எது, களை மூடிய இடம் எது என்று அடையாளமிடுங்கள். ஓரடிச் சட்டத்தால் எண்ணிய பத்து எண்ணிக்கையையும் அதே தாளில் எழுதுங்கள். அந்தத் தாளை அடுத்த புரட்டாதி வரை பத்திரப்படுத்தி, உழவு இயந்திரக்காரர் வயலில் இறங்கும் அன்று கையில் வைத்துக்கொண்டு, எந்த மேட்டை எந்தப் பள்ளத்துக்கு இழுக்க வேண்டும் என்று அவருக்குக் காட்டுங்கள். பயிர் நிற்கும்போது தெரிந்த மேடு பள்ளம், காய்ந்த தரையில் எவருடைய கண்ணுக்கும் தெரியாது.